நிற்காத கால்

என் மகள் செல்விக்கு ஐந்து வயதாகியும் கால் ஊன்றவில்லை. பிறக்கும்போதே மூச்சுத் திணறியவள். கைகால் விறைத்தே இருக்கும். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளை ராக்காயி அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன்.

ஒரு நாள் அக்கா பாவாடை மாற்றும்போது பிள்ளை வீறிட்டாள். தொடை வீங்கிவிட்டது. “கீழ போட்டுட்டு மறைக்கிறா” என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளெல்லாம் பேசின. நானும் நம்பினேன். அட்டன் ஆஸ்பத்திரிக்கு லொறியில் போகும்போது, “போடல தாயி” என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

எலும்பு முறிந்திருந்தது. “யாரும் போட்டிருக்கத் தேவையில்லை அம்மா. நிற்காத காலில் எலும்பு பலம் பிடிக்காது. துணி மாற்றும்போதுகூட ஒடியும். எலும்புக்கு வெயிலும் வேண்டும். பிள்ளைக்கு வெயில் படுகிறதா?” என்று டொக்டர் கேட்டார்.

நான் தலை குனிந்தேன். கண்பட்டுவிடும் என்று வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அவளைக் கம்பளியில் சுற்றி உள்ளேயே வைத்திருந்தவள் நான்தான். அக்காவிடமும் வெளியே எடுக்காதே என்று சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய அன்று, அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

“நீங்களே தூக்குங்க அக்கா.”

“பயமா இருக்கு தாயி. நீ தலையத் தாங்கு, கால நான் பாத்துக்கறேன்.”

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்; அக்காவின் அருமை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பனி விலகும் நேரத்தில் காம்பரா வாசலில் அக்கா மடியில் என் மகள் வெயில் காய்வதை மலையிலிருந்து பார்க்கும்போதெல்லாம், நான் முகம் திருப்பிய அந்த லொறிப் பயணம்தான் நினைவுக்கு வரும்.