இருபத்து மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மர்

ஃபர்ஹீனுக்குக் கதை சொல்ல வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான். மூன்று மணி நேர சினிமாவைப் பார்த்துவிட்டு வந்து, "கடைசியில ரெண்டு பேரும் சேந்துட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அவளைக் கட்டிக்கொண்ட அப்துல் வதூது நேர்மாறான ஆள். முக்குக் கடைக்கு உப்பு வாங்கப் போய்த் திரும்பினால், போன கதையும் வந்த கதையும் அரைமணி நேரம் ஓடும். இவன் வாய்க்கு இவள் காது என்று அல்லாஹ் பார்த்துச் சேர்த்துவைத்தான் என்று கிள்ளை ஊர்ச் சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

வதூது கரண்ட் லைன் வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தான். கான்ட்ராக்டரின் ஆபீஸ் கடலூரில். கம்பம் ஏறுகிறவர்களுக்குக் கடலூர் எந்தத் திசை என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை, சூப்பர்வைசர் சிங்காரம் போனில் சொல்லும் இடத்துக்குப் போனால் போதும். வதூதுக்கும் அவன் கூட்டாளி கொளஞ்சியப்பனுக்கும் சிதம்பரம் தாண்டி இந்தப் பக்கம் முப்பத்தோரு டிரான்ஸ்ஃபார்மர் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும்.

இவர்களுடைய ஒரே பிள்ளை ஆசிக். முகம்மது ஆசிக், எட்டு வயது. அவனுக்குப் பேச்சு வந்ததே நாலு வயதில்தான். வந்த முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, அத்தாவும் இல்லை, 'ஃபியூஸ்'. சிதம்பரத்து டாக்டர் ஆட்டிசம் என்றார். சொந்தக்காரர்கள் ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். ஓதியும் பார்த்தார்கள், பயிற்சிக்கென்று வாரம் இரண்டு தடவை சிதம்பரம் பஸ்ஸும் ஏறினார்கள். யார் கண்ணையும் பார்க்க மாட்டான். ஆனால் பஸ் ஜன்னல் வழியாக ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரையும் பார்த்து நம்பர் சொல்வான்.

ராத்திரி தூங்குவதுதான் பெரும்பாடு. சிங்கம், நரி, ராஜா என்று ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஒருநாள் வதூது அலுத்துப்போய், "சரிடா, ஏழாம் நம்பர் டிரான்ஸ்ஃபார்மர்ல இன்னைக்கி என்னாச்சு தெரியுமா?" என்றான். பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு கதை கிடையாது.

எல்லாக் கதைக்கும் ஒரே சட்டம். அத்தா தலைக்கவசம் போடுவார். ரப்பர் கிளவுஸை மணிக்கட்டிலிருந்து சுருட்டிக்கொண்டே போய், உள்ளே அடைபட்ட காற்றோடு கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் கன்னத்தில் காற்று படும். இதற்கு ஊதிப் பார்ப்பது என்று பேர். "காத்து வரல" என்று ஆசிக் சொன்னால்தான் கதை நகரும். அப்புறம் சுவிட்சைத் திறந்து கரண்டை நிறுத்துவார், மேலே ஏறுவார். அங்கே ஒரு ஓணானோ காற்றாடி நூலோ தென்னை மட்டையோ சிக்கியிருக்கும். கடைசி வரி என்றைக்கும் மாறாது: "லைட்டு எரிஞ்சுது, அத்தா வீட்டுக்கு வந்தாரு."

ஆசிக்குக்கு ரொம்பப் பிடித்தது பதினொன்றாம் நம்பர் கதை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ரைஸ் மில் பக்கம் இருக்கிறது. அத்தா சுவிட்சைத் திறந்துவிட்டு மேலே வேலை செய்கிறார். கீழே மில்காரர் அவசரப்பட்டு ஜெனரேட்டரைப் போட்டுவிட, அந்தக் கரண்ட் பின்பக்கமாகத் திரும்பிக் கம்பியில் ஏறிவிடுகிறது. "கரண்டு ஓடி வருது, ஓடி வருது, அத்தா கைகிட்ட வந்துடுச்சு..." என்று வதூது குரலை இழுப்பான். பிள்ளை போர்வையைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். "கிளவுஸ் போட்ட கையில கரண்டு ஏறாது!" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் ஃபர்ஹீனுக்கு அந்த நேரத்தில் சிரிப்பாகவும் இருக்கும், கர்வமாகவும் இருக்கும்.

போன நவம்பரில் புயல் அடித்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. காற்றுச் சத்தத்துக்கு ஆசிக் மூன்று ராத்திரியும் தூங்காமல் சுவரில் தலையை மோதிக்கொண்டான். கடைசியில் வதூது தன் கிளவுஸை எடுத்துப் பிள்ளையின் முழங்கை வரைக்கும் மாட்டிவிட்டு, "இதப் போட்டுக்கடா. எதுவும் ஒன்கிட்ட வராது" என்றான். விடியப் போகும்போது பிள்ளை அந்தக் கிளவுஸோடு அசந்து தூங்கினான். அதே நேரம் சிங்காரத்தின் போன் வந்தது. வதூது கிளம்பிப் பிள்ளையின் கையிலிருந்து கிளவுஸை மெல்ல உருவப் பார்த்தான். பிள்ளை முனகினான்.

"எழுப்பாதீங்க" என்றாள் ஃபர்ஹீன். "இப்பதான் கண்ண மூடுனான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"வண்டியில இன்னொரு ஜோடி இருக்கும்" என்று சொல்லிவிட்டு வதூது போனான். அவ்வளவுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது.

வண்டியில் இன்னொரு ஜோடி இல்லை. இருபத்து மூன்றாம் நம்பர் டிரான்ஸ்ஃபார்மரில் வதூது காலை பத்து மணிக்கு இறந்தான்.

வதூதின் மய்யித்து வீட்டுக்கு வந்தபோது ஆசிக் அழவில்லை. மூலையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். "அதுக்கு ஒண்ணும் புரியாது பாவம், அதுவும் ஒரு வகையில நல்லதுதான்" என்று வந்த பெண்கள் அவன் காதுபடவே பேசினார்கள். கிளவுஸ் எப்போதும் போல வாசல் பக்கத்து ஆணியில் தொங்கியது. வீட்டை ஒழுங்குபண்ணியவர்கள் யாரோ எடுத்து மாட்டியிருப்பார்கள் என்று ஃபர்ஹீன் நினைத்தாள். அன்றிலிருந்து பிள்ளை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேதான் படுத்தான். ஒரு மணி நேரம் தூங்கினால் அதிசயம்.

ஃபர்ஹீன் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, வேற்று ஆண்கள் கண்ணில் படக்கூடாது. சிங்காரம் பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை வந்து திண்ணையில்லாத அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். அவள் திரைக்கு உள்ளே இருப்பாள், அவளுடைய அண்ணன் நடுவில் நிற்பான். சிங்காரம் கொண்டுவரும் பேப்பரில் ஒரு வரி இருந்தது. 'பாதுகாப்பு உபகரணங்களைச் சரிபார்க்காமல், தன் சொந்தக் கவனக்குறைவால்.' அதில் அவள் கையெழுத்துப் போட்டால் கான்ட்ராக்டர் மேல் கேஸ் வராது, அவர் ஏதோ உதவியும் செய்வார்.

"அவுரு கவனக்குறைவான ஆளு இல்ல" என்று அவள் திரைக்கு உள்ளிருந்து சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். அப்படியென்றால் கிளவுஸ் ஏன் போடவில்லை என்று சிங்காரம் கேட்பார். அதற்கு மட்டும் அவள் வாய் திறக்க மாட்டாள். கிளவுஸ் எங்கே இருந்தது என்று சொன்னால் ஊரே பிள்ளையை ஒரு மாதிரி பார்க்கும். வதூதைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னாலோ அவளுக்கு நாக்கு அழுகிவிடும். இரண்டையும் நெஞ்சிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிகிற சமயம், ஒரு ராத்திரி ஆசிக் கூரையைப் பார்த்தபடி, "ஒண்ணாம் நம்பர் டிரான்ஸ்ஃபார்மர்" என்றான்.

அவளுக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னாள். புளியமரத்தடி என்றாள். "வேப்பமரம்" என்று திருத்தினான். வதூது இருந்தவரைக்கும் நம்பர் முன்னே பின்னே வரும். இப்போது பிள்ளைக்கு வரிசையாக வேண்டுமாம். அடுத்த நாள் அவள் கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டாள். வாழ்நாளில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் நிமிர்ந்து பார்க்காதவள், இப்போது போய்ப் பார்க்கவும் முடியாதவள். கொளஞ்சியப்பன் தினம் ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அன்றைக்கு உள்ள நம்பருக்குக் கீழே போய் நின்று, மரம், வீடு, நாய் எல்லாம் போனில் ஒப்பிப்பார். "பாய் இங்கதான்மா வழுக்குனாரு, நான்தான் புடிச்சேன்" என்பார். ராத்திரி அதையெல்லாம் அவள் பிள்ளைக்குச் சொன்னாள். கதை சொல்ல அவளும் கற்றுக்கொண்டாள். அவ்வளவு துக்கத்திலும் அவளுக்கு அது ஒரு பிடிப்பாக இருந்தது.

ஆனால் எட்டாவது கதையிலேயே அவளுக்கு உறைத்துவிட்டது. வரிசையாகப் போனால் இருபத்து மூன்று வரும். எல்லாக் கதையிலும் கிளவுஸ் வரும், அதிலும் வர வேண்டும். என்ன சொல்வாள்? பொய் சொன்னால் இவன் மரத்தின் பேரையே விடாதவன். உண்மையைச் சொன்னால், தான் கட்டிப்பிடித்துத் தூங்கிய கிளவுஸ்தான் அத்தாவைக் கொன்றது என்று இந்தப் பிள்ளை ஆயுசு முழுக்கச் சுமப்பான். அவள் இழுத்துப் பார்த்தாள். காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தாள். பதினேழை இரண்டாவது தடவை சொல்ல ஆரம்பித்தபோது, "பதினேழு முடிஞ்சிடுச்சு" என்றான். இருபத்திரண்டு முடிந்த மறுநாள் கதை இல்லையென்று சொல்லிவிட்டாள். பிள்ளை கத்தவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கொளஞ்சியப்பன் போனில் மண்டபம், பூவரசு மரம் என்று ஒப்பித்தார். பிறகு சொன்னார்.

"சுவிட்சு தொறந்துதான் இருந்துச்சும்மா. என் கையால தொறந்தேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர நேரா லைன்ல குடுத்துட்டானுங்க. திரும்பி ஏறிடுச்சு." மூக்கை உறிஞ்சினார். "வண்டியில ரெண்டாவது ஜோடி எப்பவுமே இருந்ததில்லம்மா. பாய்க்கும் அது தெரியும். கேட்டா, வெறுங்கையால எத்தினி வாட்டி செஞ்சிருக்கோம், ஜனங்க மூணு நாளா இருட்டுல கெடக்குதுன்னு ஏறிட்டாரு."

"கிளவுஸ் இருந்திருந்தா?"

கொளஞ்சியப்பன் போனை வைத்துவிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபர்ஹீன் ஆரம்பித்தாள். இருபத்து மூன்றாம் நம்பர். மண்டபத்துக்குப் பக்கம். பூவரசு மரம். அத்தா தலைக்கவசம் போட்டார். அப்புறம் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "கிளவுஸ் போட்டாரு, ஊதிப் பாத்தாரு" என்றாள். பிள்ளை 'காத்து வரல' என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"இல்ல" என்றான் ஆசிக். "கிளவுஸ் எங்கிட்ட இருந்துச்சு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் முழிச்சப்ப கையில இருந்துச்சு. அத்தா வர்றதுக்கு முன்னாடி ஆணியில மாட்டிட்டேன்." கூரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தான். "ஜெனரேட்டர் கரண்டு. பதினொண்ணாவது கதை. கிளவுஸ் போட்ட கையில கரண்டு ஏறாது."

ஆக, சாயங்காலம் அவள் போனில் கேட்டதை அவனும் கேட்டிருக்கிறான். அது இருக்கட்டும். நாலு மாதமாகவே இந்தப் பிள்ளைக்குக் கிளவுஸ் விஷயம் தெரியும். ஒண்ணாம் நம்பரிலிருந்து வரிசையாகக் கேட்டதே இங்கே வந்து சேரத்தான். அவள் இழுத்து இழுத்து நிறுத்தப் பார்த்த இடத்துக்கு, சொல்லிவிட வேண்டும் என்று அவன் தனியாக நடந்து வந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் புரியாது என்று சொன்ன அத்தனை பேரையும் அவள் மனசுக்குள் சபித்தாள். அந்தப் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

இது உன் தப்பு இல்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை அவனிடம் செல்லாது. வதூது சொன்ன கதைக்கு எதிராக வேறு யார் சொல்லும் அந்தப் பிள்ளையிடம் செல்லாது.

அவள் எழுந்து ஆணியிடம் போனாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கிளவுஸின் இரண்டு விரல்களுக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ரப்பரில் ஊசி இறங்கும்வரை அழுத்திக் குத்தினாள். ஊக்கை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டிலிருந்து சுருட்டி, உப்பிய விரல்களை அவன் கன்னத்தில் வைத்தாள்.

"காத்து வருது" என்றான்.

"ஓட்டை. இதப் போட்டிருந்தாலும் கரண்டு ஏறியிருக்கும்டா."

அவன் கிளவுஸைப் பிடுங்கித் தானே சுருட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"அத்தா தெனம் ஊதிப் பாப்பாரே" என்றான். "ஓட்டை ஏன் தெரியல?"

இந்தக் கேள்வியை அவள் யோசித்திருக்கவில்லை. நாலு மாதமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை காதில் விழுந்த ஒரு வார்த்தைதான் நாக்கில் வந்து நின்றது.

"ஊதிப் பாக்கல. அத்தாவோட கவனக்குறைவு."

"கவனக்குறைவுன்னா?"

"ஊதிப் பாக்காம இருக்கறது."

"அப்ப அத்தா தப்பு."

"ஆமாடா" என்றாள். "அத்தா தப்புதான்."

ஆசிக் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீரானது. ஃபர்ஹீன் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வதூதின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, சிங்காரம் வந்தார். இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அண்ணன் நாற்காலி போட்டான். "கடைசியா ஒரு தடவ கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்மா" என்று அவர் ஆரம்பிக்கும்போதே, யாரிடமும் போகாத ஆசிக் உள்ளேயிருந்து நடந்து போய் அவர் முன்னால் நின்றான். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, கதை சொல்கிற குரலில் சொன்னான்.

"கிளவுஸ்ல ஓட்டை. அத்தா ஊதிப் பாக்கல. அத்தாவோட கவனக்குறைவு."

சிங்காரம் பேனாவை எடுக்கவில்லை. அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் திரையைத் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா சொல்றான் இவன்?"

ஆசிக்கும் திரையைத்தான் பார்த்தான். பொய் என்றால் அம்மா திருத்துவாள். வேப்பமரத்தைப் புளியமரம் என்றால் அவன் திருத்துவதில்லையா, அதைப் போல. இத்தனை நாளில் அவள் முகம் இருக்கும் இடத்தை அவன் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரியாத்தான் சொல்றான்" என்றாள் ஃபர்ஹீன். "பேப்பரக் குடுங்க."

திரைக்கு அடியில் பேப்பரும் பேனாவும் வந்தன. அந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அன்று ராத்திரி இருபத்து நாலாவது கதையில் அத்தா ஏணி வைக்கும் முன்பே ஆசிக் தூங்கிவிட்டான்.