இடது குழலின் அளவு

அமீரகத்தின் அல் ஐன் நகரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் நான் லேத் வேலை பார்க்கிறேன். லைசென்ஸ் வைத்திருக்கும் அரபிகள்தான் வாடிக்கையாளர்கள். இந்த வேலைக்கு என்னைப் பழக்கியவர்கள் யாரும் இல்லை. ஊரில் பம்ப் செட் தண்டு கடைந்த கை, இங்கே வந்து குழலைக் கடைந்தது. அவ்வளவுதான்.

என்னோடு யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்பிக் குண்டு பொருத்துவது அவர் வேலை. கேம்ப்பில் அடுத்தடுத்த கட்டில்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, வயதான அரபி ஒருவர் பழைய பிரிட்டிஷ் இரட்டைக் குழல் ரைஃபிளைக் கொண்டுவந்தார். அவர் அப்பாவுடையது. மறுநாள் மகன்களோடு மைதானத்தில் சுட வேண்டும் என்றார். அந்தத் துப்பாக்கிகளில் ஒரு சிக்கல் உண்டு. மேலே பொறித்திருக்கும் எண் ஒன்று, உள்ளே இருக்கும் விட்டம் வேறு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் கணக்குக்குக் கடைந்திருக்கிறது. ஒரே துப்பாக்கியின் இரண்டு குழல்களே ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. அதனால் எண்ணெய் தடவிய ஈயத் துண்டைக் குழலுக்குள் தட்டி இறக்கி, மறுபக்கம் வந்ததும் அதை மைக்ரோமீட்டரில் அளப்போம். குழலைவிடக் குண்டு பெரிதாகிவிடக் கூடாது.

வலது குழலை அளந்தேன். ஐநூற்றுப் பத்து தௌ. ஆயிரம் தௌ சேர்ந்தால் ஓர் அங்குலம். இடது குழலில் ஈயத்தை வைக்கும்போது மேனேஜர் வந்து, "பாய், ஜல்தி. பெரியவர் வண்டி வெளியே நிக்குது" என்றார். ஈயத்தை எடுத்துவிட்டேன். சீட்டில் இரண்டு குழலுக்கும் ஒரே அளவை எழுதினேன்.

அண்ணன் சீட்டைப் பார்த்தார். "தம்பி, மற்றக் குழலும் அளந்தனீரோ?"

"அளந்தாச்சுண்ணே."

அவர் ஐநூற்றுப் பத்துக்குச் செம்புக் குண்டு பொருத்தினார். செம்பு ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது.

ஞாயிறு காலை அந்தப் பெரியவர் திரும்பி வந்தார். துப்பாக்கியை மேசையில் வைத்து, இடது குழலின் வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் வரிகள் வெளியே எழும்பி, மெலிந்த கையில் நரம்பு தெரிவதுபோல் தெரிந்தன. குண்டு உள்ளிருந்து இரும்பையே தள்ளியிருந்தது.

"சரிபண்ண வழி இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

"மாஃபி, வழி இல்லை பாபா" என்றேன். அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியைத் துணியில் சுற்ற முயன்றார். முடிச்சு விழவில்லை. அண்ணன்தான் உள்ளே கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தார்.

குண்டைத் தேர்ந்தெடுத்தவர் அண்ணன் என்பதால் மேனேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார். என் சீட்டை யாரும் தேடவில்லை. விசா கேன்சல். பத்து நாளில் கிளம்பச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் ஒரே ரூமில் படுத்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். சொல்லலாம் என்று வாயெடுத்தபோதெல்லாம், ஊரில் பாதிக் கட்டிய வீடு நினைவுக்கு வந்தது. ஏர்போர்ட்டில் வழியனுப்பும்போதும் சொல்லவில்லை.

அவர் போய் ஆறு மாதம் கழித்து, மனம் தாங்காமல் போன் போட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு இடது குழலை நான் அளக்கவே இல்லண்ணே. பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியும் தம்பி. ஞாயிற்றுக்கிழமையே அளந்து பாத்தனான். வலதைவிட நாலு தௌ குறைவு" என்றார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா என்ன, ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாங்கள். என்னட்டயாவது சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். கடைசி நாள் எயார்போட்டிலயும் பாத்தனான்."

"சரி, வைக்கிறன்" என்றார். அதன்பின் நான் போட்ட எந்தப் போனையும் அவர் எடுக்கவில்லை.

மேனேஜரிடம் அப்போதாவது உண்மையைச் சொன்னேன். "கலாஸ், முடிஞ்சுபோச்சு பாய். பழைய கதை" என்று லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டார். அண்ணன் இடத்துக்குப் புது ஆள் எடுக்கவில்லை. குண்டு பொருத்தும் வேலையையும் இப்போது நான்தான் பார்க்கிறேன்.