இடது குழல்

கிடர்பூரில் அன்னக்கிளி துடைத்து வைத்த துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹவுரா வரைக்கும் தெரியும். சரி, ஹவுரா தெரியாது. எதிர்வீட்டு மாடியில் காயும் பனியன் தெரியும். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் அந்தப் பளபளப்புக்கு நியாயம் செய்ததாகும்.

துப்பாக்கி அவள் கணவர் வேதாச்சலத்தினுடையது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த லைசென்ஸில் ஒரு ரெட்டைக்குழல் வாங்கி, அலிப்பூரில் ஒரு நகைக்கடை வாசலில் காவல் நின்றார். மீசைக்குப் பாதி, துப்பாக்கிக்குப் பாதி என்றுதான் சம்பளம் தருகிறார்கள் என்பாள் அன்னக்கிளி. தெருவில் அவருக்கு 'பந்தூக் தாதா', அதாவது துப்பாக்கி அண்ணன், என்று பெயர். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவர் முதுகு ஒரு விரற்கடை நிமிரும்.

வீட்டுச் சட்டம் மட்டும் அவள் போட்டது. மாலையில் வந்ததும் அவர் வாசற்படியிலேயே நின்று துப்பாக்கியை மடக்கித் திறந்து காட்டவேண்டும். இரண்டு குழல் வழியாகவும் தெருவிளக்கு தெரிந்தால்தான் உள்ளே வரலாம். துப்பாக்கி, கண்ணாடி பதித்த இரும்பு பீரோவுக்குள் உறையில்லாமல் நிற்கும். உறைக்குள் வைத்தால் இந்த ஊர் ஈரம் தங்கித் துரு பிடித்துவிடும். பீரோ சாவி அவரிடம். தோட்டா பெல்ட் கட்டிலடித் தகரப்பெட்டியில். அதன் சாவி அவள் தாலிக்கயிற்றில்.

"என்னை நம்பலையா நீ?" என்று ஆரம்பத்தில் கேட்டார்.

"உங்களை நம்பறேன். ரெண்டு சாவியும் ஒரே கையில இருந்தா எந்தக் கையையும் நம்ப மாட்டேன்."

கொஞ்ச நாளாகத்தான் அவரிடம் ஏதோ சரியில்லை. மோமின்பூரில் இறங்கிவிட்டு, அதுதான் அலிப்பூர் என்று டிராஃபிக் போலீஸோடு சண்டை போட்டார். ஒருநாள் காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "கோவிந்தன் போன் பண்ணினானா?" என்று கேட்டார். கோவிந்தன் அவர் தம்பி. ஆரணிக்குப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தவரே இவர்தான்.

"பண்ணினாரு. நல்லாருக்காராம்" என்றாள் அன்னக்கிளி. அடுத்த தோசை கல்லிலேயே கருகியது.

அந்தச் சனிக்கிழமை மாலை பேய்மழை. கரண்ட் இல்லை. வேதாச்சலம் முழங்கால் தண்ணீரில் நடந்து, தொப்பலாக நனைந்து வந்தார். "உள்ள வாங்க, ஜன்னி வந்துடப் போவுது" என்று அவளே துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். துப்பாக்கியின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து அவர் பீரோவுக்குள் வைத்தார். வாசற்படிச் சட்டம் இருவருக்கும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துடைக்கும் நாள். பாயில் பித்தளை பிரஷ், நீளக் கம்பி, எண்ணெய்ப் புட்டி, பட்டாளத்தில் 'சிந்தி' என்று சொல்லும் துணித்துண்டுகள். பக்கத்து வீட்டு ஷபானா வழக்கம்போலப் பட்டாணியை முறத்தில் கொட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"தீதி, புருஷனைக்கூட இப்படித் தேய்ச்சுக் குளிப்பாட்டியிருக்க மாட்டீங்க" என்றாள்.

"அவருக்குத் துரு பிடிச்சா வேற கிடைக்காது, அதனால ஜாக்கிரதையாத் தேய்ப்பேன்."

வேதாச்சலம் பீரோவைத் திறந்து துப்பாக்கியைக் கொடுத்தார். எப்போதும் மடக்கிக் காட்டிவிட்டுக் கொடுப்பவர், அப்படியே நீட்டினார். பீரோவைப் பூட்டிவிட்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டி, பீரோவைப் பார்த்தபடி கட்டிலில் படுத்துக்கொண்டார். அன்னக்கிளி பாயில் உட்கார்ந்து திருப்பும்போது குழல் ஷபானாவின் மடியை ஒரு கணம் தடவிக்கொண்டு போனது. பிறகு மடக்கினாள்.

வலது குழலில் ஜன்னல் வெளிச்சம். இடது குழல் இருட்டு. பித்தளை அடியோடு ஒரு சிவப்புத் தோட்டா உட்கார்ந்திருந்தது.

ஷபானா பட்டாணி உரித்துக்கொண்டே தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னாள். அன்னக்கிளி தோட்டாவை உருவி முந்தானைக்குள் மறைத்தாள். கைக்கு எண்ணெய் போதவில்லை என்பதுபோலப் புட்டியைச் சாய்த்தாள், பாய் நனைந்தது. அன்று அவள் தேய்த்தது குழலைத்தானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அவரிடம் எப்படிச் சொல்வது? துப்பாக்கியை வாங்கிக்கொண்டால் மீசை மட்டும் மிச்சம். மீசைக்கு எந்தக் கடையில் வேலை? சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு எதிரே உட்காரப் போவது யார்? இரண்டாம் நாள் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, இடது குழல்ல துரு தெரியுது. ஜெயந்த் பாபு கடையில ஒரு தடவை காட்டிடலாம்." பாபு காதில் விஷயத்தைப் போட்டு, பழுது என்ற சாக்கில் துப்பாக்கியை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லிவிடலாம் என்பது அவள் கணக்கு.

துரு என்றால் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்கிற மனிதர், குழலுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சரி, போலாம்" என்று சட்டையை மாட்டினார். அவளுக்கு அதுவே பயமாக இருந்தது.

டல்ஹௌசி பக்கத்துச் சந்தில் இருக்கிறது அந்தத் துப்பாக்கிக் கடை. வாங்கியதும் அங்கேதான். ஜெயந்த் பாபு குழலைக் கழற்றி, விளக்குக்கு நேராகப் பிடித்து, இந்தக் கண்ணும் அந்தக் கண்ணுமாக வெகுநேரம் பார்த்தார். வேதாச்சலம் அவர் பக்கத்திலேயே நின்றார். அன்னக்கிளிக்குக் காதில் போட வழியே கிடைக்கவில்லை.

"துரு எங்கே தீதி?" என்றார் பாபு இந்தியில். "கடைக்கு வருகிற புதுத் துப்பாக்கிகூட இப்படி இருக்காது. எதற்கு என்னிடம் கொண்டுவந்தீர்கள்? வீட்டுக்கு எடுத்துப் போங்கள்."

பொய் உடைந்துபோனது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். அந்தப் பாராட்டு உச்சந்தலைக்கு ஏறியதோ, புருஷனின் முகத்தைப் பார்த்ததோ, வந்தது வேறு.

"இத்தனை வருஷத்தில் எங்கள் வாசற்படியைத் தாண்டி ஒருநாள்கூட இது குண்டோடு உள்ளே வந்ததில்லை பாபு" என்றாள், தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில்.

வேதாச்சலம் மேசைமேல் பீரோ சாவியை வைத்தார். அதைப் பாபுவின் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

"இங்கேயே இருக்கட்டும் பாபு. சாவியும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"ஒருநாள் வந்துச்சு கிளி. சனிக்கிழமை, மழையில. நீ முந்தானையில மறைச்சது பீரோ கண்ணாடியில தெரிஞ்சுது."