மூன்றாம் மாடி உஸ்தாத்

முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையிலிருந்து காய்கறிப் பையைப் பிடுங்கி, பக்கத்தில் வெறுங்கையோடு நிற்கும் அவர் மனைவியிடம் நீட்டுகிறார் குழந்தைசாமி. மயூர் விஹாரில் பூங்காவை ஒட்டிய பால் பூத் வாசலில், வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடக்கும். சிலர் முறைப்பார்கள். சிலர், நீ யாரய்யா கேட்பதற்கு என்று இந்தியில் சண்டைக்கே வந்துவிடுவார்கள். இவர் பதிலுக்கு நிற்பதில்லை. "நாலு கிலோதானே பாய் சாப், தூக்கட்டும். இன்னைக்கு இதைத் தூக்காட்டி நாளைக்குத் தன்னையே தூக்கி நிறுத்த முடியாதுங்க" என்று பாதி இந்தியிலும் பாதி கொங்குத் தமிழிலும் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று பூங்காவுக்குள் நடந்துவிடுவார்.

வயது அறுபத்தேழு. வயிறு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. பட்டாளத்தில் இருபத்துநான்கு வருஷம். அதில் பெரும்பகுதி, ஜவான்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் உஸ்தாத் வேலை. ஹவில்தாராக வெளியே வந்த பிறகு சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியின் காவலுக்கு மேற்பார்வையாளர். அதிலிருந்தும் ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. ஆனாலும் வெள்ளைக் கான்வாஸ் காலணிக்குத் தினமும் சுண்ணாம்பு பூசாமல் வெளியே கிளம்பமாட்டார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதி யாரும் கேட்டதில்லை. பொம்பளைங்க பயந்துக்குவாங்க என்பார்.

அந்தப் பொம்பளைகள் மொத்தம் பத்தொன்பது பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பஞ்சாபிகள், மலையாளிகள், நான்கைந்து தமிழர்கள். காலை ஆறரைக்குக் கூடுவார்கள். பூங்காவில் அரசாங்கம் பச்சையும் மஞ்சளுமாய் நட்டு வைத்திருக்கும் உடற்பயிற்சி இயந்திரங்களின் பக்கம் அவர்களை அண்ட விடுவதில்லை. "அதெல்லாம் ஊஞ்சலுங்க. ஆடுனா நல்லாத்தான் இருக்கும், சதை புடிக்காது." அவருடைய சாமான்கள் வேறு. பழைய பட்டாளத்துக் கால்சட்டைத் துணியில் தைத்து மணல் நிரப்பிய இரண்டு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ மூட்டைகள். அவற்றைத் தரையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும் ஏற்றி இறக்க வேண்டும். அப்புறம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். அரை நிமிஷத்தில் எத்தனை தடவை என்று எண்ணுவார். "ஆராம் ஸே ஊப்பர், ஆராம் ஸே நீச்சே" என்று, மெதுவாக மேலே, மெதுவாகக் கீழே என்று இந்தியில் சொல்லும் குரல் தெருமுனை வரை கேட்கும்.

புதிதாக வருகிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் எடை பற்றியதுதான்.

"குறையுமுங்க, மெதுவாத்தான் குறையும். ஒரு ரொட்டியைக் கொறைச்சு ஒரு கிண்ணம் பருப்பைச் சேர்த்துக்கோங்க. பட்டினி கெடந்தீங்கன்னா கொழுப்போட சதையும் சேர்ந்து போயிரும். அப்புறம் எடை கொறைஞ்சு என்னத்துக்கு ஆகறது?"

மத்திய செயலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு உட்கார்ந்தே காலம் தள்ளிய காமாக்ஷி, சேர்ந்த புதிதில் நான்கு முறைதான் எழுந்தார். இப்போது பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றை அவர் பேரன் பேத்தி மதிப்பெண்ணைப் போல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இத்தனை பேரை எழுந்து நிற்க வைக்கிறவரின் மனைவி சந்திரம்மாள், பூங்காவுக்கு எதிரே, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியை விட்டு இறங்கி ஒன்றேகால் வருஷமாகிறது.

சந்திரம்மாள் பிறவியிலேயே பலமில்லாதவர் அல்ல. கணவர் எல்லையில் கிடந்த காலத்தில், பபீனா பட்டாளக் குடியிருப்பில் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் இருபது லிட்டர் தண்ணீர் டப்பாவோடு இரண்டு மாடி ஏறியவர். சிலிண்டரைத் தானே உருட்டி வந்து மாட்டியவர். குழந்தைசாமி விடுமுறையில் வந்து அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அது அவர் மனசில் முள்ளாய்த் தைத்துவிட்டது. பட்டாளத்தை விட்டு வந்த அன்றைக்கே, இனி இவள் ஒரு துரும்பையும் தூக்கக்கூடாது என்று முடிவு கட்டினார். முடிவு கட்டினால் கட்டியதுதான். ஆட்டா மாவு மூட்டை, தண்ணீர்க் குடம், ஈரத் துணி வாளி, பரணில் இருக்கிற பாத்திரம், எல்லாம் அவர் கை. "நீ உக்காரு அம்மிணி, நான் எதுக்கு இருக்கறேன்?" தரையில் உட்கார்ந்தால் எழும்போது ஒரு கை கொடுப்பார். பிறகு இரண்டு கை. கல்யாணத்தின்போது நாற்பத்தெட்டு கிலோ இருந்தவர் எண்பத்தொன்று ஆனபோது, வைத்துக் காப்பாற்றுகிற லட்சணத்துக்கு அது சாட்சி என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டாரே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை. பட்டாளத்துக்கே உடம்பைப் பற்றிப் பாடம் எடுத்த மனிதர். வீட்டில் பாசம் கண்ணைக் கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு நாள். பழைய சிநேகிதர் ஒருவரின் பிரிவுபசார விருந்துக்குச் சாணக்யபுரி போயிருந்தார். சந்திரம்மாள் பால்கனி வெயிலில் தரையில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு எழப் பார்த்தார். முடியவில்லை. விழவில்லை, அடிபடவில்லை, மயக்கம் வரவில்லை. எழ முடியவில்லை. செல்போன் உள்ளே மேஜை மேல் இருந்தது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வெட்கம். வெயில் நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. குழந்தைசாமி மூன்றரை மணிக்குக் கதவைத் திறந்து வந்தபோது சேலை நனைந்திருந்தது. உதடு குளிரில் வெளுத்திருந்தது.

"ரெண்டு கிலோவையும் உரிச்சுப் போட்டேனுங்" என்றார் சந்திரம்மாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எலும்பில் கோளாறில்லை, நரம்பில் கோளாறில்லை. தொடையில்தான் பலமே இல்லை என்றார் டாக்டரம்மா. வீட்டில் என்னென்ன வேலை செய்வார் என்று கேட்டார். குழந்தைசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெடல் வாங்க நிற்பவர் போல, "ஒன்றும் செய்ய விடமாட்டேன் ஜி. ஒரு சொம்பு கூடத் தூக்க விடமாட்டேன்" என்று இந்தியில் சொன்னார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. இப்படியே விட்டால் இன்னும் இரண்டு வருஷத்தில் கழிப்பறையிலிருந்து எழுப்பவும் ஆள் தேவைப்படும், இப்போதே பயிற்சி தொடங்கினால் மீளலாம் என்று மட்டும் சொன்னார்.

மனைவியைவிட அவர் ஆறு வயது மூத்தவர். எழுந்திருக்க இவர் கை வேண்டும் என்று ஆகிவிட்ட மனுஷிக்கு, இந்தக் கை இல்லாமல் போகிற நாளும் ஒன்று வரும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. இன்னொருத்திக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று அவர் பூங்கா வகுப்பைத் தொடங்கியது அந்த மாசத்தில்தான்.

ஆனால் வகுப்புக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம். அதைக் கண்டுபிடித்தது காமாக்ஷி. சென்ற வாரம் ஒரு டப்பா வடாத்தைத் தானே தூக்கிக்கொண்டு, மூன்று மாடியும் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தார். கதவு திறந்திருந்தது. நடுக்கூடத்தில் உஸ்தாத், மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன உஸ்தாத் இது? எங்காத்துக்காரர் ஒரு பையைப் பிடிச்சார்னு நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கினேளே!"

காமாக்ஷி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். குழந்தைசாமி சிரிக்கவில்லை. "நாலு நாள் தொடாம இருந்து பாத்தனுங்க. அவ காலு நடுங்கறதைப் பாக்க முடியலைங்க."

"எந்திரின்னு சொல்றதும் அவருதானுங், தூக்கி உடறதும் அவருதானுங்" என்றார் சந்திரம்மாள். பிறகு குரல் மாறிவிட்டது. "இருபத்தஞ்சு வருசம் ஒரு சொம்பைத் தொட உடல. இப்ப தூக்கு, எந்திரிங்கறாரு. என்ற பலத்தையெல்லாம் எங்கீங் கொண்டுபோயி வெச்சாரு? எடுத்துக் குடுக்கச் சொல்லுங்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குழந்தைசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காமாக்ஷிதான் மெல்லச் சொன்னார்: "எங்களை எல்லாம் நடுங்க விட்டேளே. அதனாலதானே நின்னோம்."

மறுநாள் பூங்காவிலிருந்து வந்ததும் குழந்தைசாமி குளிக்கக்கூட இல்லை. சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். உயரத்துக்கு இரண்டு தலையணை வைத்தார். சந்திரம்மாளை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே ஐந்தடி தள்ளி இன்னொரு நாற்காலியில் தான் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் தொடமாட்டேன் அம்மிணி. ஒரே ஒருக்கா, நீயா எந்திரிக்கோணும்."

"உழுந்து போட்டா?"

"நாற்காலி பின்னாலதான் இருக்குது. உக்காந்துக்கலாம்."

முதல் தடவை ஒரு சாண் எழும்பிப் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை பாதி வரை வந்துவிட்டார். அங்கே நின்றுபோயிற்று. தொடைகள் வெடவெடவென்று ஆடின. சேலைக் கொசுவமும் சேர்ந்து ஆடியது. வலது கை தானாக எழுந்து கணவரை நோக்கி நீண்டது.

"ஏனுங்…"

குழந்தைசாமியின் தோள்கள் முன்னால் சாய்ந்தன. எழுந்துவிடுவார் போலிருந்தது. எழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

சந்திரம்மாள் அவரையே பார்த்தார். நீட்டிய கை சிறிது நேரம் அந்தரத்திலேயே இருந்தது. பிறகு அதை மெதுவாக இழுத்துக்கொண்டு, தன் முழங்காலின் மேல் ஊன்றினார்.