சாய்ந்த மைதானம்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சமமான தரை என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானமே ஃபேக்டரிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நேராக உதைத்தால் பந்து சாக்கடைக்குப் போய்விடும் என்பதால் எல்லோரும் கொஞ்சம் மேட்டுப்பக்கமாகவே உதைப்பார்கள். என் தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படி உதைத்துப் பழகியவன். குன்னூர் வரைக்கும் அவனுக்குப் பெயர் இருந்தது. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அம்மா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற இருந்த சமயம், கோவையில் ஒரு கால்பந்து கிளப் சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுப்பதாகத் தெரிந்தது. வீட்டில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் பதியாவிட்டால், எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை. தம்பிக்குப் பதினெட்டு ஆகவில்லை. மிச்சம் நான்தான். அவன் தேர்வாகிவிட்டால் எல்லோரும் கோவைக்கே இறங்கிவிடலாம், நான் நர்சிங் சேரலாம். தேர்வுக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போன பஸ் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி வெக்கை ஏறியபோது, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஊரில் வாழப் போகிறவள் மாதிரி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனேன்.

அங்கே மைதானம் மேசை போல இருந்தது. தம்பி கொடுத்த பந்தெல்லாம் ஆளை விட்டு விலகிப் போயிற்று. இல்லாத மேட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன செய்ய? அத்தனை வருஷப் பழக்கத்தை அரைமணி நேரத்தில் கால் மறக்குமா? பாதி ஆட்டத்திலேயே அவனை வெளியே அழைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் எஸ்டேட் ஆபீசில் என் பேரைக் கொடுத்தேன். தனக்குப் பதினெட்டு ஆனதும் தன் பேரைக் கொடுத்து என்னைப் படிக்க அனுப்புவதாகத் தம்பி அம்மாவிடம் சொன்னான். அதை நம்பித்தான் மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கினேன். முதுகு வலித்தாலும் இது கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

சொன்னபடியே பதினெட்டு ஆனதும் வந்து நின்றான்.

"ஆபீசுக்குப் போலாங்க்கா. என் பேரைக் குடுத்தர்றேன்."

முகம் வாடியிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம்டா. நீ கோயமுத்தூர்லயே தங்கி, சமமான தரையில ஆடிப் பழகு. இங்க நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, அவன் மறுத்துப் பேசுவான் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடப் போதும், நான் படிக்கப் போகச் சம்மதித்திருப்பேன். அவன் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஷூவைத் துடைக்கப் போய்விட்டான்.