ரேடியேட்டரில் கரைத்த நீலம்

எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். இரண்டே சீட்டு, மடக்கிவிடும் துணிக்கூரை, கரும்பச்சை நிறம். கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. அறுபதுகளின் கடைசி அது. பந்தயத்தில் ஓடுகிற மாதிரியான அந்த வண்டி தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள்.

ஆனால் அதில் நாங்கள் எந்த ஊருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. காரைக்குடியை விட்டுக் கிளம்பிக் கோவிலூரைத் தாண்டினாலே, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டின் பக்கம் ஏறத் தொடங்கும். பிறகு பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வரும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இருக்காது. அதற்காகவே என் காலடியில் ஒரு பித்தளைக் குடம் பயணம் செய்தது. அது சாயாமல் முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்காருவது என் பொறுப்பு.

வீட்டுக்காரர் பம்புசெட் கடை வைத்திருந்தவர். இஞ்சின் அவருக்குப் புதிதல்ல. அவரும், லாரிப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரும் ஒன்றரை மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார்கள். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த ரப்பர் குழாய்களை மாற்றினார்கள். மின்விசிறி பெல்ட்டை இறுக்கினார்கள். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து வைத்துப் பார்த்தால் சாக்கு காய்ந்தே கிடந்தது.

ஒரு சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார்.

"வெளிய ஒரு சொட்டு விழுகல தம்பி. அப்ப இஞ்சினே தண்ணியக் குடிக்கிது. உள்ள தண்ணிய மறிக்கிற கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டைக் கழட்டிப் பாத்துருவம். நாளைக்குக் கொண்டாந்துருங்க."

இஞ்சினைப் பிரித்தால் அந்தச் சீமை வண்டிக்கு உதிரி சாமான் பம்பாயிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்காரர் சரியென்று தலையை ஆட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். காரில் கட்டிப்போகும் மெல்லிய வாயில் சேலையின் கீழ் ஓரத்தில், எத்தனை முறை துவைத்தும் போகாத ஒரு கறை. குடத்துத் தண்ணீர் சிந்தியதென்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தக் கறையோ துரு நிறம்.

சேலையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"இது குடத்துத் தண்ணி இல்லைங்க. ரேடியேட்டர் தண்ணி."

"ரேடியேட்டர் வண்டிக்கு முன்னால இருக்கு. உன் காலுக்கு எப்படி வரும்? கீழ விரிச்சிருக்க கம்பளத்து அழுக்கா இருக்கும்."

"வேட்டிக்குப் போடுற நீலத்த அதுல கரைச்சு ஊத்திப் பாப்பமா?"

"இஞ்சினுக்குள்ள நீலத்த ஊத்தவா?"

"நாளைக்கு இஞ்சினையே பிரிக்கப் போறீக. நீலம் போட்டா மட்டும் என்ன ஆயிரப் போகுது?"

அவரே போய் நீலப் பொட்டலத்தை எடுத்து வந்தார்.

மறுநாள் காலையில் இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே நீலத்தைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி நிரப்பினோம். குடத்தை டிக்கியில் வைத்தோம். என் காலடியில் கம்பளத்தின் மேல் பழைய வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, ஓரங்களை உள்ளே செருகினேன்.

கோவிலூர் வரை வேட்டி வெள்ளையாகவே இருந்தது. அவர் முள்ளைப் பார்த்தபடி ஓட்டினார், நான் குனிந்த தலை நிமிரவில்லை. ஊரைத் தாண்டி ஒரு மைல் போயிருப்போம். மிளகு அளவில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அடுத்தது என் பாதத்தில், சுடச்சுட.

"நிப்பாட்டுங்க. நீலம் வந்துருச்சு."

அவர் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டு என் பக்கம் ஓடிவந்தார். வேட்டித் துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் வேட்டித் துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான் உட்காரும் இடத்தில் தலையை விட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"இங்குட்டு ஒரு தகரப் பெட்டி இருக்கு தம்பி. இஞ்சின்ல இருந்து ரெண்டு குழாய், நடுவுல இருக்க தகரச் சுவத்துக்குப் பின்னாடியே இதுக்கு வருது. பெட்டி நனைஞ்சு கெடக்கு. இது எதுக்குன்னு தெரியலையே."

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வீட்டுக்காரர் புரட்டினார். படத்தில் விரலை வைத்து ஒரு வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஹீட்டர். குளிருக்கு உள்ள உக்காந்திருக்கவுகளுக்குச் சூடு குடுக்குறது. இஞ்சின் சுடுதண்ணி இதுக்குள்ள சுத்தி வருமாம்."

"காரைக்குடியிலயா?" என்றார் மெக்கானிக்.

பெட்டிக்குள் இருந்த மெல்லிய குழாய் அரித்துப்போயிருந்தது. இஞ்சின் சூடேறி அழுத்தம் கூடும்போது அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து, கெட்டிக் கம்பளத்தில் ஊறியிருக்கிறது. தரைக்கு எப்படி வரும்? வண்டி ஓடும்போதெல்லாம் என் கால் கொதித்ததற்கும் அந்தப் பெட்டிதான் காரணம். ரேஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

மெக்கானிக் அந்த இரண்டு குழாய்களையும் பெட்டியிலிருந்து கழற்றி, இஞ்சின் பக்கமே ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துக் கிளிப் போட்டு இறுக்கினார். பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஹெட்டைக் கழற்ற எடுத்து வைத்த ஸ்பானர்களைத் திரும்பப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நான் இஞ்சினப் பிரிச்சுப் போட்டுருப்பேன் தாயி. பிரிச்சு மாட்டினாலும் தண்ணி போய்க்கிட்டேதான் இருந்திருக்கும்."

அன்றைக்கே கீழச்சிவல்பட்டியில் இருந்த என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். கூரையை மடக்கிவிட்டார். கோவிலூர் வந்தது, போனது. முள் நடுவில் நின்றது நின்றபடியே இருந்தது. வேகத்தைக் கூட்டினார், அப்போதும் அசையவில்லை. காற்றில் என் கொண்டை அவிழ்ந்து பறந்தது. கீழச்சிவல்பட்டிக்குத் திரும்பும் இடம் வந்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

"திருப்பவா?"

"வேண்டாம். திருப்பத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம்."

அக்கா வீட்டு இலையில் நாங்கள் உட்காரும்போது மணி மூன்று ஆகிவிட்டது.