மடியில் வந்த தக்காளி

ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்ததும் எழும் வாசனை, இன்று காடேறிப்போன எங்கள் மேகமலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் என்னை மறுபடி சிறுபிள்ளையாகத் தனியே உட்காரவைத்துவிடும். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துத் திரும்பும்வரை, நான் ரஸ்க் கடிக்கிற சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தமே இருக்காது. மலையேறி வரும் காய்கறி விற்ற விலைக்கு ரஸ்க்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

ஒருமுறை சின்னமனூருக்கு இறங்கியபோது, தன் தோட்டத்தில் விளைந்து விலைபோகாத தக்காளியை ஒரு சம்சாரி ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கன கொட்டுறாகளே!" என்று அம்மா நின்றுவிட்டாள்.

"அள்ளிக்க ஆத்தா, மாடுகூடத் திங்க மாட்டேங்குது" என்றார் அவர்.

பையில்லாததால் மடிநிறையக் கட்டிக்கொண்டாள். குண்டும் குழியுமான பாதையில் பஸ் ஏற ஏற, அத்தனையும் அவள் மடியிலேயே நசுங்கி ஒழுகியது. வீடு வந்ததும் அம்மா சேலையை அலசவில்லை. சட்டிக்கு மேலே பிடித்துப் பிழிந்து ரசம் வைத்தாள்.